ஐம்பத்தைந்து நிமிடம், ஆளைப் பொறுத்து

"முந்நூறு கிலோமீட்டர்ங்கிறது ஒரு தூரமால? ஆனா..." என்று ஆவுடையப்பனின் அப்பா சொல்லுவார்; அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன சொன்னார் என்பதுதான் எத்தனை யோசித்தும் ஆவுடையப்பனுக்கு ஞாபகம் வரவில்லை. உப்போடை உப்பளங்களிலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு செம்மலைப்பாளையத்துச் சாயப்பட்டறைகளுக்கு முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனிதர் சொன்னது என்பதால் அந்த மிச்சத்தில் பெரிய விஷயம் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று, மஸ்கட் விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் இங்கிலீஷில் வேலை பார்த்துவிட்டுத் தமிழில் தூங்கிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே அவர் நம்பிவந்தார்.

அப்பாவின் லாரிக்கு ஒன்பது மணி நேரம் ஆன வழியில், ஆவுடையப்பன் நாற்பத்தெட்டு வயதில் ஊர் திரும்பிய வருஷம், விமானம் ஓட ஆரம்பித்தது. இந்தப் பக்கம் உப்பளத்துக்கு நடுவே ஒரு ஓடுபாதை, ஒரு கூடம், ஒரு டீக்கடை. அந்தப் பக்கம் சோளக்காட்டுக்கு நடுவே ஒரு ஓடுபாதை, ஒரு கூடம், ஒரு டீக்கடை. இரண்டுக்கும் இடையே, நாளைக்கு ஒரு தடவை போய்த் திரும்பும் இரட்டை விசிறி விமானம். கூடத்தின் பலகையில் 'தூரம் 312 கி.மீ., பறக்கும் நேரம் 55 நிமிடம்' என்று எழுதியிருந்தது. அந்தப் பலகைக்குக் கீழேதான் உப்போடை நிலைய மேலாளர் ஆவுடையப்பனின் நாற்காலி.

தை மாதம் மூன்றாவது புதன்கிழமை, பிள்ளைபெற்ற மகளைப் பார்க்கச் செம்மலைப்பாளையம் போன சீனியம்மாள், மறுவாரம் திரும்பி வந்து டீக்கடை முன்னால் நின்று, செத்துப்போன புருஷனின் சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டி, "எட்டே நிமிஷம்" என்றாள். அதே விமானத்தில் அவளுக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்து போன விதை வியாபாரியோ, போனமுறை விற்ற வெண்டை விதை ஒன்றுகூட முளைக்காத ஊருக்குப் போனவர் என்பதால், மூன்று மணி நேரம் ஆனது, இரண்டு தடவை தூங்கி எழுந்தேன், ஆபத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற அட்டையை மனப்பாடமே செய்துவிட்டேன் என்றார். இரண்டு ஊர் நிலையத்துச் சுவர்க் கடிகாரமும் ஐம்பத்தைந்துதான் காட்டின. ஏறினவர்கள் எல்லோரும் சேர்ந்து ஏறி, சேர்ந்துதான் இறங்கினார்கள். மணிக்கட்டில் மட்டும்தான் ஆளுக்கு ஒரு கணக்கு.

யாரும் வாயைப் பிளக்கவில்லை. "பஸ்ஸுல மட்டும் என்னவாம்? கல்யாணத்துக்குப் போறப்ப கோவில்பட்டி சட்டுனு வந்துரும், கோர்ட்டுக்குப் போறப்ப வருமா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார், அத்தோடு அந்த விஷயம் முடிந்தது. எதனால் என்று ஆராய ஊரில் எவருக்கும் பொழுதில்லை, எப்படி என்பதை மட்டும் இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்: இறங்கும் ஊரில் எத்தனை ஆவலாக எதிர்பார்க்கிறார்களோ அத்தனை சுருங்கும், எதிர்பார்க்க ஆளில்லையென்றால் இருக்கிறபடி இருக்கும், 'இவன் ஏன் வருகிறான்' என்று நினைத்தால் நீளும்.

செல்போன் இதற்கு உதவாது, இறங்கியதும் கோபுரத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டுவிடும் என்பதால், பரணில் கிடந்த சாவிக் கடிகாரங்கள் எல்லாம் கீழே இறங்கின. மைதீன் பாய் நிலைய வாசலிலேயே கடிகாரக் கடை போட்டார். கல்யாணத் தரகர்கள் ஜாதகக் கட்டோடு கடிகாரத்தையும் பார்த்தார்கள். பெண் பார்க்கப் போன மாப்பிள்ளைக்குப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆனால் பேச்சை வளர்ப்பதில்லை. இரண்டு மணி நேரத்தைத் தாண்டியதற்கு 'மாமியார் நேரம்' என்று பெயர் விழுந்தது. வட்டச் செயலாளர் ஒருவர் மாலையும் மேளமுமாக இருநூறு பேரை வரவேற்க நிறுத்திவைத்துவிட்டுப் போய்த் திரும்பினார். அத்தனை பேரும் பிரியாணிக்குக் காத்திருந்தார்களே தவிர அவருக்குக் காத்திருக்கவில்லை என்பதால் நாலரை மணி நேரம் வானத்தில் உட்கார்ந்திருந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுமுறை டிரைவர் மட்டும் வந்தான், வண்டிக்குள் வீட்டு நாய் இருந்தது. ஆறு நிமிஷம். அன்றிலிருந்து அந்த நாய்க்கு நிலையத்தில் தனி மரியாதை.

நீளும் என்று சந்தேகப்பட்டவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோனார்கள். ஆகவே புளியோதரைப் பொட்டலத்தோடு விமானம் ஏறுகிறவன்மேல் ஊருக்கே இரக்கம் வந்தது. 'பாவம், யாரும் இல்ல போல' என்று வழிவிட்டார்கள். நாளடைவில் பொட்டலத்தைத் துணிப்பைக்குள், துணிப்பையைத் தோல்பைக்குள் ஒளித்துக் கொண்டுபோகப் பழகிவிட்டார்கள். வாசனையை மட்டும் எதற்குள் ஒளிப்பது என்று தெரியவில்லை.

இத்தனையையும் ஆவுடையப்பன் ஒரு நோட்டில் குறித்துவைத்தார். அதில் ஒரே ஒரு விஷயம் அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டு ஊரிலும் எவரும் எதிர்பார்க்காத ஒருத்தி உண்டு, விமானத்தை ஓட்டும் அம்மாள், வடக்கத்திக்காரி. தெற்கே வரும்போது அவள் கடிகாரத்தில் ஒழுங்காக ஐம்பத்தைந்து ஆனது, வடக்கே போகும்போது மட்டும் நாற்பது. அவளுக்கு மட்டுமா, யாருமில்லாமல் செம்மலைப்பாளையம் போகிற எல்லோருக்குமே பத்துப் பதினைந்து நிமிஷம் குறைந்தது. அங்கே கேட் பக்கத்தில் ஒரு அம்மா நிற்கிறாள், இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறாள், அவள் பார்வை பட்டுத்தான் குறைகிறது என்று சுமை தூக்கும் பொன்பாண்டி சொன்னான்.

"நீயே கதை கட்டுத, நீயே நம்புத" என்றார் ஆவுடையப்பன்.

"நீங்க ஒருவாட்டி போய்ப் பாருங்க சார். ஊரே பறக்கு. டிக்கெட் கிழிக்கிற நீங்க மட்டும் ஏறவே மாட்டேங்கியளே?"

அதுதான் விஷயம். ஆவுடையப்பன் ஏறவில்லை. செம்மலைப்பாளையத்தில் அவருடைய அக்கா வடிவு இருந்தாள். அப்பா உப்பு இறக்கிய சாயப்பட்டறையின் கணக்குப்பிள்ளைக்குத்தான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கடைசிக் காலத்தில் அப்பாவை வைத்துப் பார்த்தவள் அவள்தான், எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் போனதும் அவள் வீட்டிலிருந்துதான். ஆவுடையப்பனுக்கு அப்போது லீவு கிடைக்கவில்லை. பதினாறுக்கு வரலாம் என்றிருந்தார், அதற்கும் கிடைக்கவில்லை. பிறகு எந்த நாளுக்கென்று வருவது என்று தெரியாமலே எட்டு வருஷம் ஓடிவிட்டது. பொங்கலுக்குப் பொங்கல் போனில் இரண்டு நிமிஷம், "மழை உண்டால?", "இங்க பாலைவனம்க்கா", அவ்வளவுதான். ஊரோடு வந்து சேர்ந்து ஒரு வருஷமாகியும் அவள் வாயிலிருந்து 'வா' என்ற ஒரு சொல் வரவில்லை. கூப்பிடட்டும், போகலாம் என்று இவரும் இருந்தார். இப்போதோ நிலைமை இன்னும் மோசம்: முன்பென்றால் அக்காவுக்குக் கோபம் இருக்கிறதா இல்லையா என்று நினைத்துக்கொண்டு மட்டும் இருக்கலாம், இப்போது ஏறினால் அது மணி, நிமிஷமாக மணிக்கட்டில் தெரிந்துவிடும். அதுவும் ஊரே பார்க்க. இறங்கினதும் 'சாருக்கு எவ்வளவு ஆச்சு?' என்று கேட்காமல் விடுகிற ஊரா அது?

ஆவணி மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து மண்டல மேலாளர் கிருபாகரன் போன் பண்ணினார்.

"மிஸ்டர் ஆவுடையப்பன், உங்க ரூட்ல எழுபத்திரண்டு புகார் வந்திருக்கு. அதுல நாற்பது பேர் சீக்கிரம் போயிட்டோம்னு புகார் குடுத்திருக்காங்க. ஜன்னல் சீட்டுக்குக் காசு வாங்கிட்டு ஒரு மேகம்கூடக் காட்டலையாம்."

"சார், சுவர்க் கடிகாரப்படி ஐம்பத்தைந்துதான்..."

"எனக்கு ஒரே ஒரு நம்பர் வேணும். நிலைய மேலாளரே ஏறி, தானே கையெழுத்துப் போட்ட நம்பர். தூரம், பறக்கும் நேரம், ரெண்டே கட்டம். மாசக் கடைசிக்குள்ள அந்தப் படிவம் வரலைன்னா ரூட்டை மூடிடுவோம். நேரம் சொல்லத் தெரியாத விமானத்தை எவன் சார் ஓட்டுவான்?"

செய்தி அன்றைக்கே டீக்கடைக்கு வந்துவிட்டது. மறுநாள் சீனியம்மாள் ஒரு பை முறுக்கோடு வந்து மேஜைக்கு முன்னால் நின்றாள். "அண்ணாச்சி, என் பேரப்பிள்ள இப்பத்தான் மொகம் பாத்துத் தாவுதான். எட்டு நிமிஷத்துல போய்ட்டு இருந்தவள ஒம்பது மணி நேரம் பஸ்ஸுல ஏத்திராதிய" என்றாள். அவளுக்குப் பின்னால் மைதீன் பாய், அவருக்குப் பின்னால் பன்னிரண்டு நிமிஷத்துக்கு உட்பட்ட ஒரு மாப்பிள்ளை, அவனுக்கும் பின்னால் வட்டச் செயலாளரின் நாய் என்று வரிசை நீண்டிருந்ததைப் பார்த்து, ஆவுடையப்பன் வெள்ளிக்கிழமை போவதென்று சொன்னார்.

அக்காவுக்குச் சொல்லவில்லை. சொன்னால்தானே எதிர்பார்ப்பாளா மாட்டாளா என்ற கேள்வி? சொல்லாமல் போனால் எத்தனை மணி ஆனாலும், 'அவளுக்குத் தெரியாது, அதான்' என்று சொல்லிக்கொள்ளலாம். மனசாறத் தேடிக் கண்டுபிடித்த இந்தச் சமாதானத்தோடு வெள்ளிக்கிழமை காலையில் அவர் புளியோதரை கிளறி, ஒரு ஆளுக்கு இரண்டு வேளைக்கு ஆகிற அளவு, வாழையிலையில் கட்டி, அலுவலகப் பையின் அடியில் வைத்து மேலே படிவத்தை வைத்தார். மைதீன் பாய் அப்பாவின் பழைய கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, சுவரோடு ஒத்துப்பார்த்துக் கட்டிவிட்டார். படிக்கட்டில் பொன்பாண்டி பையை வாங்கித் தூக்கிப் பார்த்து மூக்கைச் சுளித்தான்.

"என்ன சார், படிவத்துக்கு நல்லெண்ணெய் தாளிச்சிருக்கியளோ?"

"போல, வேலையப் பாரு."

"நான் ஒண்ணும் சொல்லலையே. நல்லா நீளமாத் தூங்குங்க."

பக்கத்து இருக்கையில் சீனியம்மாள். அவளுடைய முறுக்குப் பை மடியில் முட்ட முட்ட நிறைந்திருந்தது. "நான் முந்தி எறங்கிருவேன்னு நெனைக்காதிய அண்ணாச்சி, சேந்துதான் எறங்கணும். ஆனா எனக்குச் சட்டுனு போயிரும், ஒங்களுக்கு..." என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்தாங்க, ஒரு முறுக்கு" என்று எடுத்து நீட்டினாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மணியைப் பார்த்தார். பதினொன்று நாற்பது. விமானத்தின் கதவு மூடியது. அவர் பெல்ட்டின் கொக்கியை மாட்டினார். சீனியம்மாள் அந்த முறுக்கைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். கதவு திறந்தது.

ஏதோ ஒரு பயணிக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும், இறக்கிவிடுகிறார்கள் என்று ஆவுடையப்பன் நினைத்தார். மேலாளருக்கே உரிய குரலில், "என்ன, இன்னும் கெளம்பலையா?" என்று வாசலைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

வாசலில் நின்ற பையன் சிரித்தான். "ஏனுங்க சார், எறங்குறதில்லீங்களா? செம்மலைப்பாளையம் வந்து நிக்குதுங்க. நீங்க ரெண்டு பேருந்தானுங்க பாக்கி."

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். சீனியம்மாளின் முறுக்குப் பை பாதி காலியாகியிருந்தது, சேலையெல்லாம் துகள். ஜன்னலுக்கு வெளியே உப்பளம் இல்லை, சோளத்தட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கடிகாரம் பதினொன்று நாற்பதிலேயே நின்றது. காதில் வைத்துப் பார்த்தார், டிக் டிக்கென்று ஆரோக்கியமாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. சீனியம்மாள் எட்டிப் பார்த்தாள், இன்னொரு தடவை எட்டிப் பார்த்தாள், தன் கடிகாரத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"என் எட்டெல்லாம் ஒரு எட்டா?" என்றாள். "யாரு அண்ணாச்சி அது?"

கேட் பக்கத்தில், பொன்பாண்டி சொன்னபடியே, ஒரு அம்மா நின்றிருந்தாள். நரைத்த தலை, கையில் ஒரு கூடை, கூடையில் பாதி தொடுத்த கனகாம்பரம். இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் அவள் வாங்கி வாங்கிக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியாக இறங்கிய முகத்தை வாங்கினவள் கீழே வைக்கவில்லை.

"ஏல ஆவுடை" என்றாள். "தல இப்படி வழுக்கையாவால போவும்?"

"நீ எப்படிக்கா இங்க? நான் யாருட்டயும் சொல்லலையே."

"சொல்லிட்டு வாரதுக்கு இது என்ன காதுகுத்தா? அப்பா துட்டிக்கு வாரவன் சொல்லிட்டா வருவான்?"

அப்போதுதான் ஆவுடையப்பனுக்கு, மஸ்கட்டின் மணலில் எங்கேயோ தொலைத்துவிட்டிருந்த வழக்கம் ஒன்று தானாக வந்து காலில் இடறியது. கல்யாணத்துக்கு அழைப்பு உண்டு, சடங்குக்கு உண்டு, பால்காய்ப்புக்கு உண்டு. துட்டிக்கு, செத்த வீட்டில் துக்கம் கேட்க, வா என்று எவரும் எவரையும் அழைப்பதில்லை. கேட்க வேண்டியவன் தானாக வரவேண்டும். வந்து கேட்கும் வரை அந்த வீட்டிலிருந்து வேறு எதற்கும் அவனை அழைப்பதும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் அயலூர்ச் சோறு தின்றவர் அழைப்புக்காகக் காத்திருந்தார். ஊர்ச் சோறு தின்றவள் அழைக்கக் கூடாதென்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்போ தினமும் இங்கயா நிக்க?"

"நீ ஊரோட வந்துட்டன்னு கேள்விப்பட்ட நாளுலேர்ந்து. பன்னண்டரைக்கு வண்டி வரும், ஒரு மணிக்கு வீட்டுக்குப் போயிருவேன். ஒங்க அத்தான் திட்டுவாக. கூப்பிடக் கூடாதுன்னுதான் வழக்கம்ங்க, காத்திருக்கக் கூடாதுன்னு எவஞ் சொன்னானுங்கன்னு நானும் திருப்பிக் கேட்டுருவேன்." பாதித் தென்னாட்டுப் பேச்சும் பாதிக் கொங்குப் பேச்சுமாக அவள் சொல்லிக்கொண்டே போனாள். "மத்தவுக எறங்குறதையும் பாத்துட்டுத்தான் இருப்பேன். யாரோ பெத்த பிள்ளைக. பாத்தா என்ன கொறைஞ்சா போயிரும்?"

"பதினஞ்சு நிமிஷம் கொறையுதுக்கா" என்றார் ஆவுடையப்பன்.

அவளுக்கு அது புரியவில்லை. கேட் பக்கத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள், அவரையும் உட்காரச் சொன்னாள். முறைப்படி முதலில் கேட்கவேண்டியதைக் கேட்க அவர் வாயெடுத்தார். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று வராமல் அவள் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அதுதான் கேட்கிற முறையும். அவளும் ஒப்புக்குக் கொஞ்சம், உண்மைக்குக் கொஞ்சம் அழுதாள். சுவர்க் கடிகாரம் ஒன்றடித்தபோது மூக்கைச் சிந்திவிட்டுப் பையை முகர்ந்து பார்த்தாள்.

"என்னல இது?"

ஒளிக்க இடமில்லாமல் அவர் பொட்டலத்தை எடுத்தார். பிரித்ததும் ஆவி பறந்தது. காலையில் கட்டின சூடு அப்படியே இருந்தது. வடிவு அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"துட்டி வீட்டுல அடுப்பெரியாது, வாரவன்தான் சோறு கொண்டாரணும்னு ஒனக்கு யாருல சொன்னா? எல்லாத்தையும் மறந்தவன், அத மட்டும் மறக்கலையே!"

ஆவுடையப்பன் இலையை அவள் பக்கம் நகர்த்தினார். அந்தப் புளியோதரை எதற்காகக் கட்டப்பட்டது என்பதை, நோட்டில் எல்லாவற்றையும் எழுதுகிற அவர், எந்த நோட்டிலும் எழுதவில்லை. இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிட்டார்கள். உப்புக் கொஞ்சம் கூட என்றாள் அவள். உப்பு லாரிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் ஒரு குறையா என்றார் இவர்.

"அக்கா, அப்பா சொல்லுவாகளே, முந்நூறு கிலோமீட்டர்ங்கிறது ஒரு தூரமால, ஆனான்னு. ஆனாவுக்குப் பெறகு என்ன?"

அக்கா மென்றதை விழுங்கினாள். "'ஆனா, நடுவுல வண்டிய நிறுத்தி ஒண்ணுக்குப் போயிரணும்.' அதான் முழுசும். எதுக்குக் கேக்க?"

இருபத்திரண்டு வருஷத்து யோசனை ஆவுடையப்பனின் வாய்க்குள்ளிருந்து பருக்கையோடு சேர்ந்து சிரிப்பாகத் தெறித்தது. அக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. விமான வாசலில் நின்ற அந்தப் பையன் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் வரை இருவராலும் நிறுத்த முடியவில்லை.

"சரி, எந்திரி, வீட்டுக்குப் போவோம். துட்டி வீட்டுலேர்ந்து திரும்பறப்ப சொல்லிக்காமப் போகணும். அதுல நீ ரொம்பக் கெட்டிக்காரன்" என்றாள். "அதுக்கப்புறம் எப்ப வேணா கூப்பிடுவேன், சொல்லிட்டேன். கார்த்திகைக்குக் கூப்பிடுவேன், சும்மாவும் கூப்பிடுவேன்."

"ஒரு நிமிஷம்க்கா. இத எழுதிக் குடுத்திட்டு வந்துருதேன்."

படிவம் இரண்டு பக்கமாக அச்சடித்திருந்தது, இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் தமிழ். இரண்டு பக்கமும் அதே இரண்டு கட்டங்கள். ஆவுடையப்பன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மணிக்கட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, பேனாவைத் திறந்தார். வடிவு கூடையை எடுத்து வைத்துக்கொண்டு மிச்சக் கனகாம்பரத்தைத் தொடுக்க ஆரம்பித்தாள். ஓடுபாதையில் விமானம், திரும்பிப் போகிறவர்களுக்காக விசிறியைச் சுழற்றத் தொடங்கியது.

இங்கிலீஷ் பக்கத்தில் தூரம் 312 கிலோமீட்டர் என்றும், பறக்கும் நேரம் 55 நிமிடம் என்றும் எழுதினார். தமிழ்ப் பக்கத்தில் இரண்டு கட்டத்துக்கும் சேர்த்து, கூப்பிடு தூரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.